கேமராவின் முன் கிடைத்த பதில்கள்: அமெரிக்க பேஸ்பாலும் கறுப்பின ஆட்டக்காரர்களும்

2024 ஜூன் 20 அன்று, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள ரிக்வுட் ஃபீல்ட் மைதானத்தில் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு ஒரு சிறப்பு ஆட்டத்தை நடத்தியது. நிறவெறிச் சட்டங்களின் காலத்தில் கறுப்பினத்தவர் தமக்கெனத் தனியாக நடத்திய 'நீக்ரோ லீக்' போட்டிகளின் தாய்மடிகளுள் ஒன்று அந்த மைதானம். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு காலமான வில்லி மேஸ், பதின்ம வயதில் ஆடத் தொடங்கிய இடமும் அதுதான். ஃபாக்ஸ் தொலைக்காட்சி நேரலைக்கு ஏற்பாடு செய்திருந்தது. பழைய பாணிச் சீருடைகள், பழைய பாணி எழுத்துகளில் எண்பலகை, முதுபெரும் ஆட்டக்காரர்கள் என அனைத்தும் நினைவேக்கத்துக்கு உகந்தபடி அமைந்திருந்தன.

ஆட்டத்துக்கு முந்தைய உரையாடலில், 563 ஹோம் ரன்கள் அடித்த ரெஜி ஜாக்சனிடம் இந்த இடத்துக்குத் திரும்பி வருவது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஜாக்சன் 1967இல், தம் 21ஆம் வயதில், பர்மிங்ஹாமில் கீழ்நிலை அணிக்காக ஆடியவர். நெகிழ்ச்சியான நான்கு வார்த்தைகளை எதிர்பார்த்த கேள்வி அது. அவரோ, திரும்பி வருவது எளிதல்ல என்று தொடங்கினார். உணவகத்துக்குள் நுழைந்தால் விரலை நீட்டி, கறுப்பரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை உச்சரித்து, 'இவன் இங்கே சாப்பிட முடியாது' என்பார்கள். விடுதிக்குப் போனாலும் அதே விரல், அதே சொல். சக ஆட்டக்காரரான ஜோ ரூடி வீட்டு நீள்சாய்விருக்கையில் பல வாரங்கள் படுத்துறங்கியதையும், அவரை வெளியேற்றாவிட்டால் குடியிருப்பையே கொளுத்துவோம் என மிரட்டல் வந்ததையும் சொன்னார். தம்மைத் தடுத்து நிறுத்திய வெள்ளைத் தோழர்கள் இல்லாதிருந்தால் யாரையாவது அடித்திருப்பேன், பிறகு என்னை ஏதோ ஒரு மரக்கிளையில் பார்த்திருப்பீர்கள் என்றார். அந்த இழிசொல்லைக்கூட அவர் மறைக்கவில்லை. நேரலை என்பதால் வெட்ட முடியவில்லை. சுற்றியிருந்த முன்னாள் நட்சத்திரங்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காணொளி உலகெங்கும் பரவியது. பரவியதற்குக் காரணம் அதிலிருந்த செய்தி புதியது என்பதன்று. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் ஆடிய எந்தக் கறுப்பின ஆட்டக்காரரைக் கேட்டாலும் இதையே சொல்லியிருப்பார். கொண்டாட்டத்துக்கென அமைக்கப்பட்ட மேடையில், கொண்டாடப்பட வேண்டியவரே கணக்கைத் திறந்து வைத்ததுதான் புதிது. இத்தகைய தருணங்கள் பேஸ்பாலின் தொலைக்காட்சி வரலாற்றில் வேறு சிலவும் உண்டு. அவற்றை வரிசையாகப் பார்த்தால், ஆட்டக்காரரின் உடலைக் காட்டுவதில் தயக்கம் காட்டாத கேமரா, அவருடைய அதிகாரத்தைப் பற்றிய கேள்வி வரும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறது என்பது புலப்படும்.

தொலைக்காட்சியும் கறுப்பின ஆட்டக்காரரும் மேஜர் லீக்கின் பெருமேடைக்கு ஒரே ஆண்டில் வந்தார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கியபோது, ஆறு பத்தாண்டுகளாக நீடித்த எழுதப்படாத நிறத்தடை உடைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த உலகத் தொடர்தான் முதன்முதலில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான உலகத் தொடர். டாட்ஜர்ஸ் அணியும் யாங்கீஸ் அணியும் மோதின. நியூயார்க் முதலிய சில நகரங்களில், பெரும்பாலும் மதுக்கடைகளில் கூடி நின்று, சிறிய திரையில் மக்கள் ராபின்சனைக் கண்டார்கள். இன்று ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று எல்லா அணிகளின் எல்லா ஆட்டக்காரர்களும் அவருடைய 42 என்ற எண்ணை அணிகிறார்கள். திரையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் 42. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் ராபின்சன் தம் இறுதி நாள்களில் கேமராவின் முன் கேட்டது வேறொன்று. 1972 அக்டோபர் 15, சின்சினாட்டி. உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்துக்கு முன்பு அவருடைய வருகையின் வெள்ளிவிழாவைக் கொண்டாடினார்கள். அவருக்கு வயது 53தான். நீரிழிவால் பார்வை ஏறக்குறைய போயிருந்தது, தலை நரைத்திருந்தது. நன்றி சொன்னார். நன்றியோடு நிறுத்தவில்லை. ஒரு நாள் அணியை நிர்வகிக்கும் இடத்தில் ஒரு கறுப்பு முகத்தைக் காணும்போது தாம் இன்னும் மகிழ்ச்சியும் பெருமையும் அடைவேன் என்றார். ஒன்பது நாள்களில் இறந்துபோனார். மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேலாளராக ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லாந்து அணியின் பொறுப்பேற்றது 1975இல்.

களத்தில் இடம் கொடுப்பது வேறு, களத்தை ஆளக் கொடுப்பது வேறு என்பது நமக்குப் புரியாத செய்தியன்று. புனேவில் தேநீரைத் தனி மண்குவளையில் வாங்கிக் குடித்தபடி ஆடிய தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு, 1911ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்து அணியின் தலைமை அவருக்கு மறுக்கப்பட்டுக்கொண்டே வந்தது. அத்தலைமை 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

கர்ட் ஃபிளட்டின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ராபின்சனை அறிந்த அளவுக்கு அவரை நம் வாசகர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ஃபிளட் 1938இல் ஹூஸ்டனில் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் வளர்ந்தவர். பதின்பருவத்திலேயே தெற்கு மாநிலங்களின் கீழ்நிலை லீக்குகளுக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்தில் நடந்த ஒன்றைப் பல ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில் அவரே சொன்னார். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வியர்வை நனைந்த சீருடைகளைக் கழற்றித் தரையில் குவித்தார்கள். ஃபிளட்டும் தம்முடையதை அதே குவியலில் போட்டார். உடைமாற்றும் அறையின் பணியாள் முனையில் ஆணி பொருத்திய நீண்ட கழியைக் கொண்டுவந்து, ஃபிளட்டின் துணிகளை மட்டும் கையால் தொடாமல் பொறுக்கி எடுத்துத் தனியாக வைத்தார். அவை நகரின் கறுப்பர் பகுதியிலுள்ள சலவைக்கடைக்குச் சென்று திரும்பும் வரை, வெளியே இரண்டாவது ஆட்டம் தொடங்கிவிட்ட நிலையில், அந்த இளைஞர் உடையின்றி அறையில் காத்திருந்தார். கென் பர்ன்ஸின் 'பேஸ்பால்' ஆவணப்படத் தொடரில், 1994 செப்டம்பரில், இதை அவர் சொல்லக் கேட்ட அமெரிக்கர்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கும். அந்தக் கழியின் நீளத்தை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த இளைஞர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 ஆண்டுகள் ஆடினார். இரண்டு உலகத் தொடர் வெற்றிகள். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான தங்கக் கையுறை விருது தொடர்ந்து ஏழு முறை. 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்பியா அணிக்கு மாற்றிவிட்டதாகத் தகவல் வந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய சட்டத் தேவையும் இருக்கவில்லை. ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் 'ரிசர்வ்' விதி என்ற ஒன்று இருந்தது. இட ஒதுக்கீட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது முதலாளி தனக்கென ஒதுக்கிவைத்துக்கொள்வது. ஓர் ஆண்டு ஒப்பந்தம் முடிந்தாலும், அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் ஆட்டக்காரரைப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை அணி உரிமையாளருக்கே உண்டு. வேறு அணியோடு பேசக்கூட முடியாது. விற்கலாம், மாற்றலாம், வைத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரருக்கு இருந்த ஒரே சுதந்திரம் ஆட்டத்தையே விட்டுவிடுவது.

1969 டிசம்பர் 24 தேதியிட்டு, பேஸ்பால் ஆணையர் பௌவி கூனுக்கு ஃபிளட் கடிதம் எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய பின்னும், தம் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கவும் விற்கவும் கூடிய ஒரு சொத்தாகத் தம்மைக் கருதவில்லை என்பதே அதன் சாரம். சில நாள்களில், 1970 ஜனவரியில், ஏபிசி தொலைக்காட்சியில் ஹவர்ட் கோசெல் அவரை நேர்கண்டார். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குகிறீர்களே, அது அடிமைக்கான கூலி அல்லவே என்று கோசெல் கேட்டார். நல்ல கூலி பெறும் அடிமையும் அடிமைதான் என்றார் ஃபிளட்.

இந்தப் பதில் அவருக்கு எவ்வளவு பகையைச் சம்பாதித்துத் தந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஆலைத் தொழிலாளி பல ஆண்டுகள் உழைத்தாலும் காண முடியாத பணத்தை வாங்கும் ஒருவர் அடிமைத்தனம் பற்றிப் பேசுவதா என்று பத்திரிகைகள் கேட்டன. ஊதியத்தின் அளவையும் உறவின் தன்மையையும் வேண்டுமென்றே குழப்பும் வாதம் இது. ஒருவருக்கு எவ்வளவு தரப்படுகிறது என்பது ஒரு கேள்வி. அவர் எங்கே, யாருக்காக உழைப்பார் என்பதை முடிவு செய்பவர் யார் என்பது மற்றொரு கேள்வி. பண்ணையார் நல்லவர், நெல் குறைவின்றி அளக்கிறார் என்ற சான்றிதழ் பண்ணையடிமை முறையை நியாயப்படுத்திவிடாது அல்லவா?

ஆட்டக்காரர் சங்கம் வழக்குச் செலவை ஏற்றது. 1970இல் நியூயார்க்கில் விசாரணை நடந்தபோது, ஃபிளட்டுக்காகச் சாட்சி சொன்னவர்களில் ஜாக்கி ராபின்சனும், யூதர் என்பதற்காக வசைகளை எதிர்கொண்ட ஹேங்க் கிரீன்பெர்க்கும் இருந்தனர். அப்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. அச்சம்தான். அவர்களைக் குறைசொல்வது எளிது. ஆனால் அந்த விதியின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு, முதலாளியின் ஒரு கையசைப்பில் வாழ்க்கை முடியும் என்பது தெரிந்திருந்தது.

1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் ஃபிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து 1922இல் அதே நீதிமன்றம் வழங்கிய விலக்கு முரணானது என்பதை நீதிபதி பிளாக்மன் ஒப்புக்கொண்டார். ஆயினும் அதை நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும் என்று கைவிரித்தார். தீர்ப்பின் முதல் பகுதியில் அவர் பேஸ்பாலின் புகழைப் பாடி, பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை நீண்ட பட்டியலாக அடுக்கியிருக்கிறார். ஒரு மனிதரின் உரிமையை மறுக்கும் ஆவணம் ரசிகரின் குறிப்பேடு போல் தொடங்குவதைப் படிக்கையில் கோபமும் சிரிப்பும் ஒருங்கே எழுகின்றன. அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் மாறுபட்ட தீர்ப்பெழுதினார்.

ஃபிளட் 1970 பருவம் முழுவதையும் இழந்தார். 1971இல் வாஷிங்டன் அணிக்காக 13 ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டு, நாட்டை விட்டே வெளியேறினார். அவர் திறந்துவைத்த விவாதம் ஓயவில்லை. 1975 டிசம்பரில், மெசர்ஸ்மித், மெக்நாலி என்னும் இரு வெள்ளைப் பந்துவீச்சாளர்களின் முறையீட்டில், நடுவர் பீட்டர் சைட்ஸ் 'ரிசர்வ்' விதியை ஓராண்டுக்கு மேல் நீட்டிக்க முடியாது எனத் தீர்த்தார். கதவு திறந்தது. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ நியூயார்க் மெட்ஸ் அணியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர். அந்தத் தொகையின் வேர் ஃபிளட் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமைக்காகத் தொலைக்காட்சி நிறுவனங்கள் கொட்டும் பணத்திலும் இருக்கிறது.

அடுத்த தருணத்தில் பேசியவர் கறுப்பின ஆட்டக்காரர் அல்லர்; வெள்ளை நிர்வாகி. 1987 ஏப்ரல் 6, ராபின்சன் வருகையின் நாற்பதாம் ஆண்டு. ஏபிசியின் 'நைட்லைன்' நிகழ்ச்சியில் டெட் காப்பல், டாட்ஜர்ஸ் அணியின் பொது மேலாளர் அல் கேம்பானிஸிடம் ஓர் எளிய கேள்வி கேட்டார்: மேலாளர்களில், பொது மேலாளர்களில், உரிமையாளர்களில் கறுப்பினத்தவர் ஏன் இல்லை? அவ்வேளையில் மேஜர் லீக்கில் ஒரு கறுப்பின மேலாளரும் இல்லை. அந்தப் பொறுப்புகளுக்குத் தேவையான சில தன்மைகள் அவர்களிடம் இல்லாமலிருக்கலாம் என்றார் கேம்பானிஸ். காப்பல் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தந்தார். கேம்பானிஸ் இன்னும் ஆழமாகக் குழிதோண்டினார். கறுப்பினத்தவர் நல்ல நீச்சல்காரர்களாக இல்லாதது அவர்களுக்கு மிதக்கும் தன்மை இல்லாததால்தான் என்பது வரை போனார். இரண்டே நாளில் பதவி விலக நேர்ந்தது.

கேம்பானிஸை ஒரு தனிப்பட்ட கொடியவராகச் சித்திரிப்பது தவறான வாசிப்பு. அவர் 1946இல் மாண்ட்ரியால் அணியில் ராபின்சனோடு சேர்ந்து ஆடியவர், அவருக்குத் துணை நின்றவர். அன்றிரவுகூட ராபின்சனைப் புகழத்தான் வந்திருந்தார். அதனால்தான் அந்தப் பேட்டி இன்றும் படிக்கத் தக்கது. ஓடவும் அடிக்கவும் வல்லவர்கள், ஆனால் சிந்திக்கவும் ஆளவும் வேண்டிய 'ஏதோ ஒன்று' குறைகிறது என்ற எண்ணம், வெறுப்பே இல்லாத ஒரு மனிதரிடம் பொதுப்புத்தியாகப் படிந்திருந்தது. அந்த 'ஏதோ ஒன்று' என்னவென்று அவரால் சொல்லவும் முடியவில்லை. உயர்கல்வி நிறுவனங்களின் தேர்வுக் குழுக்களில் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதப்படும் குறிப்பும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அங்கே எதிரில் காப்பலும் இல்லை, நேரலையும் இல்லை.

நிகழ்காலத்துக்கு வருவோம். 2024 மே மாத இறுதியில், 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளின் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் தன் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்த்தது. 2,300க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் உழைப்பு கணக்கில் ஏறியது. வாழ்நாள் மட்டை சராசரியில் டை காப் வைத்திருந்த .367ஐப் பின்னுக்குத் தள்ளி, ஜாஷ் கிப்சனின் .372 முதலிடம் பெற்றது. கிப்சன் மேஜர் லீக்கில் ஒரு பந்தையும் சந்தித்ததில்லை. ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35ஆம் வயதில் இறந்தார்.

இறந்தவர்கள் பதிவேட்டில் ஏறும் அதே காலத்தில், உயிரோடிருப்பவர்கள் களத்திலிருந்து குறைந்துகொண்டே வருகிறார்கள். 1980களில் மேஜர் லீக் ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். 2024 தொடக்கத்தில் அது சுமார் 6 விழுக்காடு. 2022 உலகத் தொடரில் மோதிய ஹூஸ்டன், ஃபிலடெல்பியா அணிகளில் அமெரிக்காவில் பிறந்த கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. 1950க்குப் பிறகு அப்படி நிகழ்ந்தது அதுவே முதல்முறை. இங்கே ஒரு தெளிவு தேவை: டொமினிகன் குடியரசு முதலிய நாடுகளிலிருந்து வரும் கறுநிற ஆட்டக்காரர்கள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அவர்களையும் சேர்த்தால் திரை வேறு நிறத்தில் தெரியும். ஆனால் அங்கே பயிற்சி முகாம்கள் நடத்தி, 16 வயதில் ஒப்பந்தம் செய்வது அணிகளுக்கு ஏன் வசதியாக இருக்கிறது என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி.

கறுப்பின இளைஞர்கள் கூடைப்பந்தையும் அமெரிக்கக் கால்பந்தையும் விரும்பிப் போய்விட்டார்கள் என்பதே வழக்கமான விளக்கம். பாதி உண்மை. மீதிப் பாதி பணம். தேர்வாளர்களின் கண்ணில் பட வேண்டுமானால், ஊர் ஊராகச் சென்று ஆடும் தனியார் அணிகளில் சிறுவயதிலிருந்தே பணம் கட்டிச் சேர வேண்டும். கல்லூரி உதவித்தொகையில், அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 85 முழு உதவித்தொகைகள் இருந்தபோது, பேஸ்பால் அணிக்கு நெடுங்காலம் 11.7 மட்டுமே, அதையும் இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஆட்டம் படிப்பைத் தரும் என்பதைக் கணக்கிட ஆய்வாளர் தேவையில்லை. லீக்கின் பயிற்சித் திட்டங்களுக்குப் பலன் இல்லாமலும் இல்லை. 2022 தேர்வில் முதல் ஐந்து இடங்களில் நான்கு கறுப்பின இளைஞர்களுக்குக் கிடைத்தன.

தேர்வாகிவிட்டாலும் நெடுங்காலம் மைனர் லீக்கில் கிடக்க வேண்டும். அங்கு 2022 வரை, மேஜர் லீக்குக்கு அடுத்த படியிலேயே குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டாலர். அடிமட்டத்தில் 4,800 டாலர். அந்த வருமானத்தில் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்க, வீட்டில் கொஞ்சம் சேமிப்பு இருந்தாக வேண்டும். 2022இல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கமாகத் திரண்டு, 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கண்டார்கள். அந்தத் தொகைகள் முறையே 35,800, 19,800 டாலராக உயர்ந்தன. சோட்டோவின் ஒப்பந்தத்துக்குக் கிடைத்த திரை நேரத்தில் நூறில் ஒரு பங்கும் இதற்குக் கிடைக்கவில்லை.

2025 மார்ச்சில் இரண்டு செய்திகள் வந்தன. டிரம்ப் அரசின் ஆணைகளைத் தொடர்ந்து, மேஜர் லீக் தன் வேலைவாய்ப்புப் பக்கத்திலிருந்து பன்முகத்தன்மை பற்றிய குறிப்புகளை நீக்கியது. மதிப்பீடுகள் மாறவில்லை, சட்டத்துக்கு இணங்குகிறோம் என்றது. அதே மாதம் பாதுகாப்புத் துறையின் தளத்திலிருந்து ஜாக்கி ராபின்சனின் ராணுவப் பணி பற்றிய பக்கம் காணாமல் போனது. எதிர்ப்பு கிளம்பியதும் மீண்டும் ஏற்றப்பட்டது. ராணுவத்தில் இருந்தபோது, 1944இல், பேருந்தின் பின்பகுதிக்குச் செல்ல மறுத்ததன் தொடர்ச்சியாக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர் அவர். மறுமாதம் 15ஆம் தேதி, எல்லா ஆட்டக்காரர்களும் வழக்கம்போல் 42 அணிந்தார்கள்.

ஆட்டக்காரர் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்குமான தற்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. ஊதியத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற பேச்சை உரிமையாளர் தரப்பு எழுப்பியிருக்கிறது. மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய பிறகே ஓர் ஆட்டக்காரர் விரும்பிய அணியைத் தேட முடியும் என்ற விதி இன்றும் நடப்பில் இருக்கிறது. கர்ட் ஃபிளட் 1997 ஜனவரி 20 அன்று, 59ஆம் வயது முடிந்த இரண்டாம் நாளில் இறந்தார். கூப்பர்ஸ்டவுனிலுள்ள புகழ்க்கூடத்தில் பௌவி கூனுக்கு 2008இல் இடம் கிடைத்தது. ஃபிளட்டுக்கு இன்றுவரை இல்லை. அவர் காலத்து ஆட்டக்காரர்களைப் பரிசீலிக்கும் குழு அடுத்துக் கூடுவது 2027 டிசம்பரில்.